எல்லை நிலத்தின் தன்கதை: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வாழ்க்கைக் கூற்றும் கவிதையும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட தூரம்தான். ஆனால் பழைய நாட்டுப் பிரிவில் இரண்டும் வேறு வேறு நாட்டு ஊர்கள். தேவாரத் தலங்களை வகுத்தவர்கள் கடலூரின் திருப்பாதிரிப்புலியூரை நடுநாட்டில் வைத்தார்கள். சிதம்பரமான தில்லையைச் சோழநாட்டுக் காவிரி வடகரைத் தலங்களில் முதலாவதாக எண்ணினார்கள். தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் நடுவே கிடந்ததால் அது நடுநாடு. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு மூன்றும் மேற்கிருந்து வந்து இந்த நிலத்தை அறுத்துக்கொண்டு கடலில் கலக்கின்றன. அரசுகள் மாறும்போதெல்லாம் எல்லையும் இந்த ஆறுகளைத் தாண்டி முன்னும் பின்னும் போய்வந்தது. பல்லவர், சோழர், காடவராயர், செஞ்சி நாயக்கர், மராட்டியர் என்று ஆண்டவர்களின் பட்டியல் நீளம். மக்களுக்கு அது வரி வாங்குபவரின் பெயர் மாறுவதாக மட்டுமே இருந்திருக்கும்.

ஐரோப்பியர் வந்தபின் எல்லை இன்னும் விசித்திரமாயிற்று. 1690-இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி செஞ்சி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலம் கம்பெனிக்கு என்பது பேச்சு. சென்னையிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி ஒன்றை வரவழைத்து, பல திசைகளிலும் சுட்டு எல்லை வகுத்தார்கள். அந்த வட்டத்துக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்று இன்றும் வழங்கும் ஊர்ப்பெயரை அந்தச் சம்பவத்தோடு சேர்த்தே சொல்வார்கள். நில அளவை வரலாற்றில் இதைவிடச் சோம்பேறித்தனமான முறை ஒன்று இருக்குமா என்பது ஐயம். வடக்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி ஒரே துண்டாக அமையவில்லை. அதன் சில பகுதிகளைச் சுற்றிலும் இன்று தமிழ்நாட்டு நிலமே இருக்கிறது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி முழுமை பெற்றபின் பன்னாட்டு எல்லை என்ற நிலை ஒழிந்தது. மாநில எல்லை ஒழியவில்லை. கடலூரை விட்டு வடக்கே போகும் பேருந்து ஆல்பேட்டையைக் கடந்து முள்ளோடையைத் தொடும்போது சாராயத்தின் விலையும் பெட்ரோலின் விலையும் மாறுகின்றன. திரும்பி வரும்போது பைகள் சோதிக்கப்படுகின்றன.

இப்படிப்பட்ட நிலத்தில் பிறந்த தன்கதைகளும் கவிதைகளும் இரண்டு வகைப்படும். ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே சொன்னது ஒரு வகை. ஒருவருடைய வாழ்க்கையை இன்னொருவர் எடுத்துச் சொன்னது மற்றொரு வகை. எந்தக் கதை எந்த வகையில் நமக்குக் கிடைத்திருக்கிறது என்று பார்த்தால், யாருக்கு வாய் இருந்தது, யாருக்கு இல்லை என்பது தெரியும்.

முதல் சான்று அப்பர். பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் பிறந்தவர். திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்றவர். திருவதிகையில் சைவத்துக்குத் திரும்பியவர். அந்த நாளில் பாடலிபுத்திரம் என்றழைக்கப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது சாதாரணப் பள்ளி அல்ல. உலக அமைப்பைப் பேசும் லோகவிபாகம் என்னும் சமண நூல் கி.பி. 458-இல் அங்கே எழுதி முடிக்கப்பட்டது. இரண்டு சமயங்களுக்கு நடுவே ஒருவர் அலைந்த கதை அப்பரின் பதிகங்களிலேயே இருக்கிறது. வயிற்றுநோயின் துடிப்பு, சமணரோடு கழித்த ஆண்டுகளை நினைத்து வரும் கசப்பு, முதுமையின் தளர்ச்சி எல்லாம் தன்மையில் சொல்லப்படுகின்றன. பிள்ளைப்பருவம் முதல் முத்தி வரை வரிசைப்படுத்திய வரலாறு பின்னால் வந்தது. சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்துச் சேக்கிழார் அதைப் பெரியபுராணத்தில் பாடினார். தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அது அரங்கேறியது என்பது மரபு. துடிப்பு நடுநாட்டில் பிறந்தது. அது வரலாறானது சிதம்பரத்தில்.

நந்தன் கதையில் இந்த ஏற்பாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஆதனூர்ப் புலையர் சேரியிலிருந்து தில்லை எல்லைக்கு வந்து, மதிலைத் தாண்ட முடியாமல் வெளியே நின்றவர் நந்தனார். அவர் வாயிலிருந்து ஒரு பாட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. சுந்தரர் ஒரு தொடரில் குறிப்பிட்டார். சேக்கிழார் முப்பதைத் தாண்டிய சில பாடல்களில் விரித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் அதைக் கீர்த்தனை நாடகமாக்கி, மூலத்தில் இல்லாத வேதியர் ஒருவரை நந்தனுக்குப் பண்ணையாராகச் சேர்த்தார். அந்த நூல் 1860-களின் தொடக்கத்தில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில் ஓர் அதிகாரி காட்டிய ஆதரவால் அச்சேறியது. கதை ஊரெங்கும் பரவியது. கதைக்குரியவரின் சொந்தக் குரல் மட்டும் அதில் இல்லை. சேரிப் பிள்ளைகள் தம் கதையைத் தாமே எழுத வேண்டுமானால் முதலில் எழுத்து வேண்டும். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே பள்ளி தொடங்கியதை இந்த வரலாற்றின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

வள்ளலார் இரு ஊர்களுக்கும் நடுவே வருகிறார். 1823-இல் பிறந்த மருதூர், தொண்டாற்றிய கருங்குழி, 1867-இல் தருமச்சாலை கண்ட வடலூர் எல்லாம் கடலூர் மாவட்டத்திலேயே உள்ளன. திருவருட்பாவில் பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்னும் பகுதி தமிழ்க் கவிதையில் அரிதான ஒன்று. இளமையில் எதற்கெல்லாம் அஞ்சினார், பிறர் பசியைக் கண்டு எப்படி நடுங்கினார், யாரோடு பேசக் கூசினார் என்று ஒருவர் தம் மனத்தின் கணக்கைக் கடவுளிடம் ஒப்புவிக்கும் முறையில் அது அமைந்திருக்கிறது. பக்திப் பாட்டு என்று மட்டும் வாசித்தால் பாதிதான் கிடைக்கும். அதற்குள் பஞ்சகாலத்துத் தென்னார்க்காடு இருக்கிறது. இந்தப் பகுதியை உள்ளடக்கிய ஆறாம் திருமுறை 1885-இல்தான் அச்சுக்கு வந்தது. முதல் நான்கு திருமுறைகள் வெளியான 1867-க்கும் இதற்கும் பதினெட்டு ஆண்டு இடைவெளி. பாடியவர் 1874-இலேயே மறைந்துவிட்டார்.

உரைநடையில் முதல் பெரிய தன்பதிவு எல்லைக்கு வடக்கே, புதுச்சேரியில் எழுதப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 சனவரியில் இறப்பதற்குச் சற்று முன்வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் வணிகர், 1747-இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாசி (மொழிபெயர்ப்பாளர்) ஆனவர். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்ததும் ஆங்கிலேயரின் தலைமையிடம் தேவனாம்பட்டினத்துக்கு மாறியது. 1752 வரை அங்கேயே இருந்தது. அந்த ஆண்டுகளில் கடலூர்ச் செய்தி பிள்ளைக்கு அன்றாடச் சோறுபோல. கப்பல் எப்போது வந்தது, வரவேற்க எத்தனை பீரங்கி போட்டார்கள், எந்த வியாபாரி யாரைப்பற்றிக் கோள் சொன்னான், சரக்கு என்ன விலைக்குப் போயிற்று எல்லாம் அதில் உண்டு. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்த நாட்களை அவர் நாள்வாரியாகப் பதிந்திருக்கிறார். யார் உத்தரவிட்டார்கள், யார் முன்நின்றார்கள், ஊர்ப் பெரியவர்கள் எங்கே கூடினார்கள், ஏன் கலைந்தார்கள் என்று படிக்கும்போது, அதிகாரத்துக்கு மிக அருகில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாத மனிதரின் எரிச்சல் புலப்படும். தம்மை உயர்த்திச் சொல்லும் இடங்களும் நிறைய. நாட்குறிப்பு என்பதால் எல்லாம் உண்மையாகிவிடாது. ஆனால் கேட்ட பேச்சைக் கேட்டபடி எழுதிய அவர் தமிழுக்கு 18-ஆம் நூற்றாண்டில் இணை இல்லை. வீட்டுக்குள் கிடந்த ஏடுகள் 1846-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தன. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தன. பிரபஞ்சன் அந்தப் பதிவுகளைக் கொண்டு எழுதிய ‘வானம் வசப்படும்’ 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஒரு துபாசியின் அந்தரங்கக் குறிப்பு பொதுச்சொத்தாக இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று.

எல்லையே கதையின் காரணமாகவும் கதை வெளிவரத் தடையாகவும் ஆனது பாரதியின் காலத்தில். 1908-இல் ‘இந்தியா’ பத்திரிகை வழக்கு தொடங்கியதும் அவர் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷ் போலீசார் கைது செய்ய முடியாது. ஆனால் ஒற்றர் வைக்க முடியும், தபாலைப் பிரிக்க முடியும், எழுதியதை எல்லைக்கு இந்தப்புறம் வரவிடாமல் நிறுத்த முடியும். மூன்றும் நடந்தன. புதுச்சேரியிலிருந்து தொடர்ந்த ‘இந்தியா’ பிரிட்டிஷ் பகுதிக்குள் நுழையத் தடைவந்தது. வாசகர் கைக்குப் போகாத பத்திரிகை 1910-இல் நின்றது.

அதே ஆண்டில் ‘கனவு’ என்ற பெயரில் பாரதி தம் சுயசரிதையைப் பாட்டாக வெளியிட்டார். பிள்ளைப் பருவத்துக் காதல், விருப்பமில்லாமல் படித்த ஆங்கிலக் கல்வி, அதற்காகத் தந்தை செலவிட்ட பணம், இளவயது மணம், தந்தையின் தொழில் நொடித்துக் குடும்பம் வறுமையில் விழுந்தது இவ்வளவும் அதில் உண்டு. முப்பது வயதுகூட நிரம்பாத ஒருவர் சுயசரிதை எழுதுவதே அன்றைக்குப் புதுமை. 1911-இல் சென்னை மாகாண அரசு ‘ஆறில் ஒரு பங்கு’ என்ற கதையோடு இதையும் தடை செய்தது. சின்னஞ்சிறு காதலைச் சொல்லும் நூலில் அரசாங்கம் ராஜத்துரோகத்தைக் கண்டது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆங்கிலக் கல்வியைப் பற்றிய பகுதியைப் படித்தால் அதிகாரிகள் முட்டாள்கள் அல்ல என்பது விளங்கும். தன் பட்டறிவாகச் சொல்லப்பட்டதால் அந்தக் கண்டனத்தை வாதிட்டு மறுக்க வழியில்லை.

1918 நவம்பரில் பாரதி எல்லையைக் கடந்து பிரிட்டிஷ் மண்ணில் கால்வைத்ததும் கடலூர் அருகே கைதானார். ஏறத்தாழ மூன்றரை வாரம் கடலூர்ச் சிறையில் இருந்தார். சென்னைப் பிரமுகர்கள் சிலர் தலையிட்டபின் டிசம்பர் நடுவில் நிபந்தனைகளோடு விடுதலை கிடைத்தது: திருநெல்வேலி மாவட்டத்தில் குறிப்பிட்ட இடங்களில்தான் வசிக்க வேண்டும், எழுதுவதை முன்கூட்டியே போலீஸ் அதிகாரிக்குக் காட்ட வேண்டும். பத்து ஆண்டு கழித்துத் தாண்டிய எல்லை சில மைல் அகலம்கூட இல்லை. அந்தச் சிறைநாட்களைப் பற்றி அவரே விரிவான தன்பதிவு ஒன்றை விட்டுச்செல்லவில்லை என்பது தமிழுக்கு நேர்ந்த இழப்பு.

புதுச்சேரி வாழ்க்கையின் மற்றப் பக்கங்களைப் பிறர் எழுதினார்கள். செல்லம்மா பாரதியின் வரலாற்று நூல், வ.ரா.வின் ‘மகாகவி பாரதியார்’, ரா. கனகலிங்கத்தின் ‘என் குருநாதர் பாரதியார்’, யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’ எல்லாம் 1940-களிலும் 50-களிலும் வந்தவை. இவற்றில் கடைசி இரண்டுக்கும் தனி இடம் தர வேண்டும். கனகலிங்கம் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். தமக்குப் பாரதி பூணூல் போட்டுவைத்த சம்பவத்தைத் தாமே சொல்கிறார். நந்தனைப் பற்றி மற்றவர்கள்தான் பாடினார்கள் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் இந்தச் சிறிய நூலின் எடை தெரியும். யதுகிரி, மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள். பாரதி வீட்டுக்குள் ஓடியாடிய சிறுமி. எந்தப் பாட்டு எந்தச் சண்டைக்குப் பின் வந்தது, அரிசி இல்லாத நாளில் செல்லம்மாள் என்ன செய்தார், குழந்தைகள் எந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பது அவர் நூலால்தான் தெரிகிறது. அறிஞர்கள் எழுதிய பல ஆராய்ச்சிகள் தராத தகவல் ஒரு சிறுமியின் நினைவில் தங்கியிருக்கிறது.

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஏடும் அச்சும் எட்டாத பெருங்கூட்டத்துக்கு இந்த வட்டாரத்தில் இருந்த தன்கதை வடிவம் ஒப்பாரி. சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, முன்னும் பின்னும் அசைந்து பாடுவார்கள். இறந்தவரைப் பற்றிய பாட்டு என்று பெயரே தவிர, பாதிக்கு மேல் பாடுபவளின் சொந்தக் கதை. பிறந்த வீட்டில் வாழ்ந்த வாழ்வு, கட்டிக்கொடுத்த இடத்தில் பட்ட பாடு, அண்ணன் தம்பி கொடுக்காத சீர், குடித்தழித்த கொல்லை, பிள்ளை இல்லாதவள் என்று கேட்ட ஏச்சு எல்லாம் அங்கே வரும். உயிரோடிருப்பவர்களின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை அந்த ஒரு வேளை சொல்லலாம். யாரும் வாயை அடைக்க மாட்டார்கள். மாமியாரும் நாத்தனாரும் பக்கத்தில் இருந்து கேட்டாக வேண்டும். பாட்டின் சட்டகம் எல்லாருக்கும் பொது. உவமைகளும் விளிகளும் தலைமுறை தலைமுறையாக வருபவை. ஊர்ப்பெயரும் நகையின் பெயரும் கடன் தொகையும் பாடுபவளுடையவை. ஒப்பாரியில் உண்மை இருக்கும் இடம் அந்தப் பெயர்களும் தொகைகளுமே. நாட்டார் பாடல் தொகுப்புகள் பலவற்றில் பொதுச் சட்டகத்தை அச்சிட்டு, சொந்த விவரத்தைச் ‘சிதைவு’ என்று நீக்கிவிட்டார்கள். தானியத்தைக் கொட்டிவிட்டுக் கோணியைப் பத்திரப்படுத்திய கதைதான்.

இந்த வாய்மொழி வாழ்க்கைக் கூற்று அச்சுக் கவிதைக்குள் வந்தது 1988-இல். வெள்ளாற்றுக்குத் தெற்கே குழுமூரில் பிறந்து விழுப்புரத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த த. பழமலய் அந்த ஆண்டு ‘சனங்களின் கதை’ என்ற தொகுப்பை வெளியிட்டார். குழுமூர் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டக்கோடு எங்கே போனாலும் பேச்சும் பயிரும் நடுநாட்டவை. அதுவரை புதுக்கவிதை என்றால் படிமம், தனிமை, நகரத்து அலுப்பு என்று ஒரு பாதையிலும், புரட்சி முழக்கம் என்று மற்றொரு பாதையிலும் போய்க்கொண்டிருந்தது. பழமலய் தம் பெற்றோர், உறவினர், அண்டை வீட்டார் கதைகளை அவர்கள் பேசும் பேச்சிலேயே வரிவரியாக அடுக்கினார். உவமை குறைவு. ஒருத்தி எப்படிச் செத்தாள், ஒருவர் நிலத்தை எப்படி இழந்தார், ஒரு சடங்கு எப்படி நடந்தது என்பதே கவிதை. இது கவிதையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இனவரைவியல் என்று பாராட்டியவர்களும் இருந்தார்கள். இரண்டு பேச்சும் அதன் இசையைக் கவனிக்கவில்லை. கிராமத்தில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பழைய சாவு ஒன்றை நினைவுகூரும்போது பேச்சு எங்கே நிற்கும், எங்கே தாவும் என்பதைப் பழமலயின் வரிமுறிப்பு சரியாகப் பிடித்திருக்கிறது.

‘சனங்களின் கதை’க்கு முந்தைய ஆண்டுதான், 1987-இல், அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் வளர்ந்த குளோரியா அன்சால்துவா தம் எல்லை நிலத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். பாதி சொந்தக் கதையும் கட்டுரையுமாக, பாதி கவிதையாக, இரண்டு மொழிகளைக் கலந்து எழுதிய நூல் அது. எல்லையில் வாழ்பவர்கள் தம் கலப்புப் பேச்சுக்கு வெட்கப்படத் தேவையில்லை என்ற துணிவு இரண்டு பேரிடமும் இருக்கிறது. வேறுபாடு ஒன்றும் உண்டு. அன்சால்துவாவின் நூலில் ‘நான்’ நடுவில் நிற்கும். பழமலயிடம் ‘சனங்கள்’ நிற்கிறார்கள். கவிஞர் ஓரத்தில் இருக்கிறார்.

பழமலய் திறந்த வழியில் நடுநாட்டு எழுத்து வேகமாகப் பெருகியது. விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் கவிதையில் தொடங்கி ‘அஞ்சலை’ நாவலுக்கு வந்தார். முந்திரிக்காட்டுச் செம்மண் பேச்சைத் திரட்டி ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யும் தொகுத்தார். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பத்தின் கதை. தங்கர் பச்சானின் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ பண்ருட்டிப் பலாத்தோப்பின் கதை. இவை நாவல்கள், தன்கதைகள் அல்ல. ஆனால் முந்திரிக்கொட்டை உடைக்கும்போது ஓட்டிலிருந்து தெறிக்கும் பால் விரலில் பட்டுத் தோல் கருகுவதையும், சாம்பலைத் தொட்டுக்கொண்டு வேலை தொடர்வதையும் பார்த்துப் பழகிய கண்களால்தான் இவற்றை எழுத முடியும்.

எழுதாமல் கிடப்பது இன்னும் ஏராளம். 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனத்துக்காக ஊரை விட்டவர்களின் முதல் தலைமுறை குறைந்துவருகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தேவனாம்பட்டினமும் பரங்கிப்பேட்டைக் கரையூர்களும் இழந்தவர்களைப் பற்றிய அரசுப் பட்டியல் உண்டு. அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைச் சொல்லும் பதிவு சொற்பம். 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் தலைமுறைப் பலாமரங்களையும் முந்திரிக்காடுகளையும் ஒரே காலையில் சாய்த்துவிட்டது. நிவாரணக் கணக்கில் அவை தொகையாக மட்டுமே வந்தன.

இந்தக் கதைகளைத் திரட்டுவதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, உண்மையான பெயர். கதை சொன்னவர் ஊரிலேயே இருக்கிறார். கதையில் வரும் பங்காளியும் அதே தெருவில் இருக்கிறார். பெயரை மாற்றினால் ஊரார் யாரென்று எளிதில் கண்டுபிடிப்பார்கள். மாற்றாவிட்டால் சொன்னவருக்கு ஆபத்து. சொன்னவரின் இசைவைப் பதிவின்போது ஒருமுறையும், அச்சுக்கு முன் எழுதியதை வாசித்துக்காட்டி மறுமுறையும் பெறுவதே இதற்கு உள்ள நடைமுறை வழி. இரண்டாவது, சொல்லும் இடம். துக்கம் இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பது நம்பிக்கை. ஒலிப்பதிவுக் கருவியோடு வாசலில் போய் நின்று பாடச் சொன்னால் எந்தப் பெண்ணும் பாட மாட்டாள். கொல்லையிலோ ஏரிக்கரையிலோ, களையெடுத்து முடித்த பிறகு, நம்பிக்கையுள்ள பெண்கள் கேட்டால் பாடுவாள். அப்போதும் சொந்த விவரம் வரும் அடிகளை விட்டுவிட்டுத்தான் முதல் முறை பாடுவாள். அந்த அடிகள் கிடைக்கப் பழக்கம் வேண்டும், பல நாள் வேண்டும். ஆண் ஆராய்ச்சியாளர்கள் திரட்டிய தொகுப்புகளில் பொதுச் சட்டகமே நிறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.